கோட்டுக்குத் தெற்கே

பணகுடி லாட்ஜில் பதினோராம் எண் அறை.
மின்விசிறியைப் போடவில்லை.
ஆடியில் இங்கே ஜன்னலை
ஒரு விரற்கடை திறந்தால் போதும்,
கணவாய் முழுக்க உள்ளே வந்துவிடுகிறது.
தாள்களின் மேல் செல்போன், சோப்பு டப்பா,
பாதி தின்ற முறுக்குப் பொட்டலம்.

காட்சி நாற்பத்திரண்டு.
காற்றாலைக்கு விட்ட நிலம், குத்தகைப் பணம்.
ஆறு பேர், ஒரு மடக்கு மேசை.
மேற்கே வெயிலுமுத்து, அவன் மைத்துனன்,
மைத்துனன் கூட்டிவந்த வக்கீல்.
கிழக்கே தம்பி சின்னநம்பி,
பத்திரம் எழுதுகிற ஞானதிரவியம்.
தெற்கே, கேமராவுக்குப் பக்கத்தில்
முதுகு மட்டும் தெரிய முப்புடாதி.
கூடப்பிறந்தவள். வசனம் இல்லை.

முதலில் வானத்திலிருந்து பார்க்கிற மாதிரி ஒரு படம்:
ஆறு வட்டம், ஆறு மூக்கு.
அண்ணன் மூக்கிலிருந்து தம்பி மூக்குக்குச்
சிவப்புப் பென்சிலில் ஒரு கோடு.
கேமரா அதற்குத் தெற்கே,
உடைமரத்தடியில்.
கோட்டைத் தாண்டக் கூடாது.
தாண்டினால்
முறைத்துக்கொள்கிற இரண்டு பேரும்
ஒரே திசையைப் பார்த்து
வள்ளியூர் பஸ்ஸுக்கு நிற்கிற மாதிரி ஆகிவிடும்.

தனித்தனியாக எடுத்தாலும் அதே சட்டம்தான்.
வெயிலுமுத்து வலப்பக்கம் பார்த்துக் கத்துவான்.
சின்னநம்பி இடப்பக்கம் பார்த்துப் பேசாமல் இருப்பான்.
வக்கீல்தான் தொல்லை.
கட்சிக்காரனைப் பார்த்தால் இடம்,
பத்திரத்தைப் பார்த்தால் வலம்.
அழித்து அழித்து அந்தக் கட்டத்தில் மட்டும்
தாள் மெலிந்துபோயிற்று.

ஆட்களைக்கூட ஏமாற்றிவிடலாம்.
காற்று ஒப்பாது.
மேற்கே இருந்து கிழக்கே, ஒரே பிடி.
பனையோலை, வேட்டி, வக்கீலின் கழுத்துப்பட்டி,
ஞானதிரவியம் உள்ளங்கையால் அமுக்கியிருக்கிற பத்திரம்
எல்லாம் இடமிருந்து வலம்.
ஒவ்வொரு கட்டத்தின் மூலையிலும்
அம்பு போட்டுக் 'கா' என்று எழுதினேன்.
எவனாவது பக்கம் மாறினால்
வேட்டி நுனி காட்டிக்கொடுத்துவிடும்.

இயக்குநர் வந்தபோது மணி பத்தரை.
கையில் புரோட்டாப் பொட்டலம்.
நின்றபடியே புரட்டினார்.
"என்னவே ஜெபசிங்,
அந்தப் பிள்ளைக்கு ஒரு வார்த்தை கிடையாது.
அதுக்கு எதுக்கு நாலு கட்டம்? தூக்கிரும்."

"தூக்கிரலாம் அண்ணாச்சி.
ஆனா காத்தாடி எல்லாம் வரிசையா சுத்தணும்னு கேட்டியள்லா,
அது தெக்க இருக்கு.
கேமராவுக்கு முதுகுப்பக்கம்.
அதைப் பாக்கணும்னா வடக்க போகணும்,
கோட்டைத் தாண்டணும்.
சும்மா தாண்ட முடியாது.
ஒரு ஆளு நடக்கணும்,
நாம பின்னாலயே போகணும்.
மத்த அஞ்சு பேரும் உக்காந்துட்டானுவ."

அவர் சால்னாவைப் பிரித்தார்.
"சரி, அவ எதுக்கு நடக்கா?"

நான் அதை யோசித்திருக்கவில்லை.
சோப்பு டப்பாவுக்கு அடியில்
நாற்பத்திரண்டாம் காட்சி படபடத்தது.
"கல்லு எடுக்க" என்றேன்.
"பத்திரம் பறக்குதுல்லா."

கொஞ்ச நேரம் மென்றார்.
"நாலு போதாதே" என்றார்.

அவர் போன பிறகு வரைந்தேன்.
முப்புடாதி தம்பியின் முதுகைச் சுற்றி நடக்கிறாள்,
நாம் அவள் தோளுக்குப் பின்னால்.
குனிகிறாள். நிமிர்கிறாள். திரும்புகிறாள்.
இப்போது அண்ணன் வலம், தம்பி இடம்;
நடுவில் தெற்கு வானம்,
அது முழுக்க இறக்கைகள்.
யாருக்கும் குழப்பமில்லை,
அவளோடு நடந்துதானே வந்தோம்.
மூலையில் 'கா' அம்பைத் திருப்பிப் போட்டேன்.

கல் பத்திரத்தின் மேல் உட்காருகிறது.
ஞானதிரவியம் கையை எடுத்துக்கொள்கிறார்.
ஐந்து மூக்கும்,
வக்கீலுடையதுகூட,
முதல் தடவையாக ஒரே பக்கம்.

கடைசிக் கட்டம் அவள் முகம்.
சிவப்புக் கோடு இனி
அவளிடமிருந்து யாருக்குப் போகிறது என்று
மணி ஒன்றரை வரை பிடிபடவில்லை.
முடியை மட்டும் வரைந்து வைத்திருக்கிறேன்,
கண் தெரியாதபடி.