புள்ளி பூச்சியம் பூச்சியம் பூச்சியம்

லீபாயா துறைமுக அலுவலகத்தில்
பிப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை
மோட்ரிஸின் கணக்கை நீக்கினேன்.
"நிச்சயமாகவா?" என்றது கணினி.
ஆம் என்றேன். அவரும் அப்படித்தான்,
தலைவரின் மேசைமேல் சாவிக்கொத்தை எறிந்து
ஆம் என்று போயிருந்தார்.

யானை போயிற்று, வால் போகவில்லை.
பயனர் பட்டியலில் பெயர் இல்லை.
வட்டில் மட்டும் அவர் கோப்புறை,
மஞ்சளாய், பதினொரு கிகாபைட் கனத்தில்.
அழி என்றால் அனுமதி இல்லை என்றது.
யாருடைய அனுமதி?
உரிமையாளர் பெயர் இருக்கவேண்டிய இடத்தில்
எஸ், ஒன்று, ஐந்து, இருபத்தொன்று என்று தொடங்கி
மூச்சு வாங்கவைக்கும் ஓர் எண்,
பக்கத்தில் கேள்விக்குறி சுமந்த ஒரு தலை.

உரிமையை என் பெயருக்கு மாற்றி
மறுபடி அழித்தேன்.
பூனைப் படங்கள் போயின. வரி ரசீதுகள்.
வெவ்வேறு வருடங்களில் எழுதி
அனுப்பாமல் விட்ட மூன்று ராஜினாமாக்கள்.
ஒரு நிரலும் அதன் பதிவேடும் மட்டும்
விடாக்கண்டன்கள்:
வேறெங்கோ திறந்திருக்கிறதாம்.

எங்கே? இரவு எட்டுவரை தேடினேன்.
சேவைகளின் நீண்ட வரிசையில்
'காற்று' என்று ஒன்று ஓடிக்கொண்டிருந்தது.
நிறுத்தினேன்.

நான்கே நிமிடம்.
சிறுபடகுத் துறையிலிருந்து ஐனார்ஸ்:
"டாக்னியா, பலகை அணைந்துவிட்டது.
காற்று எத்தனை மீட்டர் என்று தெரியாமல்
நான் எதை நம்பிக் கயிற்றை அவிழ்ப்பது?"
அந்தப் பலகை தானாக ஓடுகிறது என்றே
ஒன்பது வருடமாய் நினைத்திருந்தோம்.
சேவையைத் திரும்ப ஓடவிட்டேன்.
கோப்புறையைத் தொடவில்லை.

ஏப்ரலில் தலைவர் இறங்கி வந்தார்,
மோட்ரிஸ் ஏறி வந்தார்.
அதே பெயரில் கணக்குத் திறந்தேன்.
கணினிக்குப் பெயர் ஒரு பொருட்டில்லை.
புதிய எண் கொடுத்தது, புதிய கோப்புறையும்:
மோட்ரிஸ், புள்ளி, மூன்று பூச்சியம்.
பழையதைச் சொடுக்கினார்.
அனுமதி இல்லை.
"என் வாசலில் நின்று என்னையே
யாரென்று கேட்கிறதே" என்றார்.
பூனைகளைக் கேட்டுவிடுவாரோ என்று
எனக்குக் காது சூடாகியது.

அனுமதி கொடுத்தேன். திறந்தார்.
இரண்டே கோப்புகள்.
கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.
பிறகு நிரலில் ஒரு வரியைத் திருத்தினார்.
"மார்ச் கடைசியில் கடிகாரம் மாறியதிலிருந்து
பலகை ஒரு மணி நேரம் பின்னால்.
யாரும் சொல்லவில்லையா?"

ஐனார்ஸ் சொல்லியிருந்தார்.
இரண்டு முறை.