கத்தரிப்பூ நிறம்

டிக்கெட் இரண்டு எடுத்திருந்தோம்.
என் இடுப்பில் புது உலோகம் வைத்துப் பத்து நாள்தான் ஆகிறது.
ஆகவே செல்சீ மலர்க்காட்சிக்கு
ஹெஸ்டர் மட்டும் ஏழு பத்து ரயிலில் போனாள்.
நான் ஸ்விண்டனில்,
உயரம் கூட்டிய நாற்காலியில்,
ஊன்றுகோல் மடியில், ரிமோட் கையில்.

எனக்குத்தான் நல்ல இடம் என்று நினைத்துக்கொண்டேன்.
கேமரா ஓர் ஐரிஸின் தொண்டைக்குள் இறங்கிற்று:
மஞ்சள் மயிர், மயிர் நுனியில் நீர்த்துளி,
துளிக்குள் தலைகீழாய் வெள்ளைக் கூடாரம்.
இதை எந்தப் பிறவியில் குனிந்து பார்த்திருப்பேன்?
கழுத்துப்பட்டைக்காரர் ஒருவர் லத்தீன் பெயர்களை
மாத்திரைபோல் எண்ணி எண்ணிக் கொடுத்தார்.
மழை வந்தது. நான் நனையவில்லை.
தேநீர் மட்டும் தானாக வரவில்லை.

பதினொன்று இருபதுக்கு அவளைக் கண்டேன்.
கத்தரிப்பூ நிற மழைக்கோட்டு, முதுகு மட்டும்,
ரோஜாக்களுக்கும் ஒரு சக்கர நாற்காலிக்கும் நடுவில்.
"ஹெஸ்டர்!" என்றேன், சத்தமாகவே.
பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.
ஒன்றரைக்கு மறுபடி:
பேட்டி கொடுக்கும் தோட்டக்காரரின் காதுக்குப் பின்னால் நின்று
கல்தொட்டி ஒன்றைத் தடவிக்கொண்டிருந்தது அந்தக் கத்தரிப்பூ.
தடவட்டும். அவளுக்குக் கல் பிடிக்கும்.
மூன்று மணிக்கு ஐஸ்கிரீம் வரிசையில்.
பல் கூசுமே, எதற்கு வாங்குகிறாள் என்று
கொஞ்சம் கோபம்கூட வந்தது.

அதன்பின் பூக்களை நான் சரியாகப் பார்க்கவில்லை.
தங்கப் பதக்கம் வாங்கிய தோட்டமெல்லாம்
அவளை மறைக்கிற செடிகளாகிவிட்டன.
நகரு, நகரு என்றேன் ஒரு ஜப்பானிய மேப்பிளிடம்.

நாலு மணிக்கு மணி அடித்தார்கள்.
கடைசி நாள்; வைத்ததையெல்லாம் விற்றுத் தீர்க்கும் மணி.
தொடாதே தொடாதே என்று நின்ற செடிகளை
ஜனங்கள் வேரோடு அள்ளிக்கொண்டு ஓடினார்கள்.
கேமரா மேலே போய்விட்டது.
ஒரு காட்டுக்குத் திடீரென்று கால் முளைத்து
கடைசி பஸ்ஸைப் பிடிக்கப் போவதுபோல் இருந்தது.

ஒன்பதேகாலுக்குக் கதவு திறந்தது.
முதலில் உள்ளே வந்தது ஒரு டெல்ஃபினியம்,
ஆறடிக்கு ஓர் அங்குலம் குறைவு,
நுனி முறிந்து, செலோடேப் சுற்றி.
பின்னால் ஹெஸ்டர், மழை காய்ந்த முடி நெற்றியில் ஒட்டி.

"கோட்டு எங்கே?"
"காலையிலேயே ரயிலில் விட்டுட்டேன்."
ஷூவைக் கழற்றினாள். குதிகாலில் பட்டாணிக் கொப்புளம்.
"என்ன பார்த்தாய்?"
"முதுகுகள்.
ஒருத்தர் தோளுக்கும் இன்னொருத்தர் குடைக்கும் இடையில்
பியோனி கொஞ்சம், இவ்வளவு."
விரலால் காட்டினாள்: பாதி பிஸ்கட்.
"ஆனா கூடாரத்துக்குள்ளே நுழைஞ்சதும்..."
மூக்கைத் தூக்கினாள். வார்த்தை வரவில்லை.
"ஈரக் கான்வாஸ், மிதிபட்ட புல்,
யாரோ உரிச்ச ஆரஞ்சு, ஸ்வீட்பீ, எல்லாம் சேர்ந்து...
போ, நீ வந்திருக்கணும்."

நான் ஐரிஸின் தொண்டையைச் சொன்னேன்,
துளிக்குள் கூடாரம் தலைகீழாய் நின்றதை.
வாய் திறந்து கேட்டாள், அங்கே போகாதவள்போல்.
அவள் ரயிலைச் சொன்னாள்:
எதிர் இருக்கைப் பையன் ரெடிங் வரை
செடியைக் கைக்குழந்தையாய்ப் பிடித்துக்கொண்டானாம்.
இதற்கு டிக்கெட் எங்கே என்று பரிசோதகர் கிண்டலடிக்க,
இவள் என் டிக்கெட்டை நீட்டினாளாம்.
அவரும் ஓட்டை போட்டுக் கொடுத்தாராம்.

கோட்டைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை.
யாரோ ஒருத்திக்கு நாலு மணிநேரம்
கணவனாய் இருந்திருக்கிறேன்,
அவள் பல்லுக்கும் சேர்த்துக் கவலைப்பட்டிருக்கிறேன்.

பத்தரைக்குச் சிறப்புத் தொகுப்பு.
வெந்நீரில் பாதம் வைத்து உட்கார்ந்தாள் ஹெஸ்டர்.
"அட, இதுவும் இருந்ததா? இதுவுமா?"
பாதியில் தூங்கிப்போனாள்.
திரையில் மறுபடி அந்தக் கத்தரிப்பூ.
இந்த முறை திரும்பியது:
அறுபது வயது, அடர்ந்த மீசை.
நல்ல மனிதர்போல் இருந்தார்.
பாதி ஐஸ்கிரீமை யாருக்கோ நீட்டிக்கொண்டிருந்தார்,
கையை மட்டும்தான் காட்டினார்கள்.

சத்தத்தைக் குறைத்தேன்.
வாளியில் டெல்ஃபினியம் ஓர் இதழை விட்டது.
வெந்நீர் ஆறிக்கொண்டிருந்தது.
குனிந்து அந்தப் பாதங்களைத் துடைக்க
எனக்கு இன்னும் ஆறு வாரம் ஆகும்.