வெள்ளிக்கிழமைத் திகதி

ஹாகன் நகர நீதிமன்றத்தில்
நூற்றுப் பன்னிரண்டாம் அறை.
அடையாள அட்டை, முப்பது யூரோ,
இரண்டு கையொப்பம்.
ஏன் என்று அந்தப் பெண் கேட்கவில்லை.
நான் பாடமாக்கி வைத்திருந்த ஜேர்மன் வாக்கியம்
வாய்க்குள்ளேயே கிடந்து ஆறிப்போனது:
மாதம் நாற்பத்தொரு யூரோ தேவாலய வரி,
தம்பியின் கடன்,
இளையவளின் பல்லுக்குக் கம்பி.

எனக்கு ஞானஸ்நானம் கொடுக்க
ஒரு ஊரே எழும்பி நின்றதாம்.
வெளியேற
ஒரு நீல முத்திரை போதுமாயிருந்தது.

மூன்று ஞாயிறு நித்திரை கொண்டேன்.
சுருள்வில் தொழிற்சாலையில் இரவு வேலை செய்தவன்
நித்திரை கொண்டால் குற்றமில்லை.
நாலாம் ஞாயிறு குணமலர் ஒன்றும் கேட்கவில்லை,
சேட்டை மட்டும் அயன் பண்ணிக் கதவில் கொழுவியிருந்தாள்.
அவளுக்கு நான் இன்னும் சொல்லவில்லை.

கடைசி வாங்கு, ஹீற்றருக்குப் பக்கம்.
பலகையில் பாட்டு இலக்கங்கள்,
ஒரு ஏழு கொஞ்சம் சரிந்து.
பிதாவை அவர்கள் தங்கள் மொழியில் கூப்பிட்டார்கள்,
நான் உதட்டுக்குள் என் மொழியில்.
'எங்கள் பிதாவே' என்றதும் சிக்கிக்கொண்டேன்.
'நம்' என்றால் கேட்கிறவரும் உள்ளே.
'எங்கள்' என்றால் அவர் வெளியே.
ஜேர்மன்காரருக்கு இரண்டுக்கும் ஒரே சொல்தான்.
இத்தனை வருடம் யோசித்ததேயில்லை,
அவரை வெளியே நிற்கவைத்துத்தான்
அவரோடு கதைக்கிறோம் என்று.
அன்றைக்கு
அவர் நின்ற பக்கத்தில் நானும் நின்றேன்.

திருவிருந்துக்குப் போவதில்லை என்றுதான் இருந்தேன்.
வாங்கின் உள்பக்கம் இருந்த பொடியன் வெளியே வர
நான் எழும்ப வேண்டியதாயிற்று.
எழும்பினவன்
திரும்ப இருக்கத் தெரியாமல் நடந்தேன்.

பீடத்தைச் சுற்றி அரை வட்டம்.
இடப்பக்கம் ஃபிறௌ ரேடெக்கர்.
சபைக் கந்தோரின் தட்டச்சு, சாவிக் கொத்து,
பூக்கடைப் பற்றுச்சீட்டு எல்லாம் அவர் கையில்.
எட்டு வருடமாய் என்னை
'நீங்கள்' என்றே கூப்பிடுகிறவர்.
பாணைப் பிய்த்து, என் கண்ணைப் பார்த்துச் சொன்னார்:
உனக்காகக் கொடுக்கப்பட்டது.

உனக்காக.
அந்த மொழியில் 'நீ' என்பது
பிள்ளைக்கு, நாய்க்கு, காதலிக்கு,
கடவுளுக்கு.

கையை மடக்கிக்கொள்ளப் பார்த்தேன்.
நகக்கண்ணில் கிரீஸ்.
ஆனால் வலப்பக்கத்தில் அந்தப் பொடியன்,
பதின்மூன்று வயது, திடப்படுத்தல் வகுப்புக்காரன்,
அதற்குள் கையை ஏந்திவிட்டான்.
நான் வாங்காவிட்டால்
அவனுக்கு எப்படிப் போகும்?

வாங்கினேன். விழுங்கினேன்.
அவனுக்குச் சொல்லவேண்டிய ஜேர்மன் வரி வரவில்லை.
'உனக்காக' என்றேன், தமிழில்.
ஆமென் என்றான்,
எல்லாம் விளங்கினவன் மாதிரி.

பிறகு கோப்பி. உலர்ந்த கேக்.
ஃபிறௌ ரேடெக்கர் பழையபடி:
'நீங்கள் இந்தக் கதிரைகளை அடுக்கித் தருவீர்களா?'
அடுக்கினேன்.
ஒன்றுக்குக் கால் ஆடியது,
அதைத் தனியே சுவரோடு சாத்தினேன்.

செவ்வாய் தபாலில் வந்தது,
சபை முத்திரை போட்ட உறை.
'தங்கள் விலகலை நீதிமன்றம் எமக்கு அறிவித்துள்ளது.
வருந்துகிறோம்.
சபைத் தேர்தலில் இனித் தங்களுக்கு வாக்கில்லை.
ஞானப்பெற்றோராக நிற்கவும் இயலாது.
கதவு என்றும் திறந்திருக்கும்.'
எல்லாருக்கும் போகிற அச்சு வசனம்.
கீழே மையில் ஒரு கையெழுத்து:
ரேடெக்கர்.

மடித்தேன்.
மடித்ததைத் திரும்ப விரித்தேன்.
மேலே வலப்பக்க மூலையில் திகதி.
வெள்ளிக்கிழமை.
ஞாயிறுக்கு முந்தின வெள்ளி.

என்ன கடிதம் என்று
குசினியிலிருந்து குணமலர் கேட்டாள்.
தாளிக்கிற சத்தத்தில்
இரண்டாம் தரமும் கேட்டாள்.