ஈ, தா, கொடு

கடல் இடப்புறம், கள்ளி மலை வலப்புறம்.
நடுவே மணல் கொதிக்கிறது.
பாத்திரம் கழுவும் பிளாஸ்டிக் தொட்டியை
இடுப்பில் கட்டிக்கொண்டு நடக்கிறேன்.
நூல் அலையில் சிக்காமலிருக்க அந்தத் தொட்டி.
முதல் நாள் லிப்ராதோ கோத்தா
கண்ணைச் சுருக்கிக்கொண்டு கேட்டார்:
"ஐஸ் விற்கவா வந்தீர்கள்?"

கிட்டத்தட்ட அதுதான்.
குளிர்கிடங்குகளில் வெப்பம் எங்கே கசிகிறதென்று
கண்டுபிடிப்பது என் பிழைப்பு.
லா பாஸில் ஓர் இறால் கிடங்கு,
ஏழு நாள் வேலை நான்கில் முடிந்தது.
மிச்சம் மூன்று நாள்
யாருடைய கணக்கிலும் இல்லை.

கம்பு நான்கு துண்டு.
மூன்று விமான நிலையங்களில் குழலைப் பிரித்து
ஒருவர் உள்ளே டார்ச் அடித்தும் பார்த்தார்.
நூலின் நுனியில் இருப்பதற்கு ஈ என்று பெயர்.
ஈயே அல்ல அது.
கொஞ்சம் மயிர், கொஞ்சம் மினுக்கு,
மத்தி மாதிரி நீந்தத் தெரிந்த
ஒரு விரல் நீளப் பொய்.

இலக்கண வகுப்பு மதியம் இரண்டு மணிக்கு.
தூக்கத்தைத் தாண்டிக் காதில் விழுந்தது இவ்வளவுதான்:
கீழே நிற்பவர் ஈ என்று கேட்பார்,
சமமானவர் தா என்பார்,
மேலே இருப்பவர் கொடு என்பார்.
பரீட்சைக்குக்கூட அது வரவில்லை.
இப்போது முழங்கால் தண்ணீரில்
கையை வீசும்போதெல்லாம்
ஈ
ஈ
என்றே போகிறது நூல்.

லிப்ராதோவிடம் கம்பு கிடையாது.
பழைய பீர் பாட்டிலில் சுற்றிய நரம்பு,
உயிர் மத்தி,
தலைக்கு மேல் இரண்டு சுற்று, எறி.
காற்றை அறுக்கும் அந்தச் சத்தம்தான் கொடு.
பத்து மணிக்குள் வாளியில் இரண்டு சியெர்ரா,
நம் வஞ்சிரத்தின் தூரத்துப் பங்காளிகள்.

சேவல் மீன் இரண்டாம் நாள் வந்தது.
முதுகில் ஏழு கதிர்,
அலையைக் கிழித்துக்கொண்டு
கரையோரமாகவே ஒரு கொண்டை.
ஓடினேன்.
தொட்டி தொடையில் இடிக்க, ஒரு செருப்பு பின்தங்க,
ஓடினேன்.
எங்கே விழவேண்டுமோ அங்கேயே விழுந்தது ஈ.
இழுத்தேன், வந்தது.
வேகமாக இழுத்தேன், வேகமாக வந்தது.
கணுக்கால் ஆழம்வரை வந்து
ஈயைப் பார்த்தது,
என்னைப் பார்த்தது,
தொட்டியைப் பார்த்தது.
கொண்டையை மடித்துக்கொண்டு போனது.

லிப்ராதோ சிரிக்கவில்லை.
சிரித்திருக்கலாம்.

மிச்சமிருந்த ஈக்களை முரல்கள் குதறிவிட்டன.
ராத்திரி அவர் கொழுந்தியாள் ஒஃபேலியா
கத்தரிக்கோலோடு கொட்டிலுக்குப் போய்,
செனாதோரா என்ற வெள்ளாட்டின் கழுத்தடியில்
ஒரு கொத்து நறுக்கி வந்தாள்.
தையல் மெஷின் நூல்,
முடிச்சின்மேல் ஒரு சொட்டு
செம்பருத்தி நிற நகப்பூச்சு.
ஆடு இரவெல்லாம் புகார் சொல்லிக்கொண்டிருந்தது.

மூன்றாம் நாள்
கம்புக்காகக் கை நீட்டினார் லிப்ராதோ:
"தாமே."
கேட்பது யாரானாலும் அவர்களுக்கு இந்த ஒரே சொல்தான்.
பாதி எனக்கும் தெரிந்த சொல்.
தந்தேன்.

அவர் வீசிய நூல்
அவர் தொப்பியை முதலில் பிடித்தது, பிறகு காதை.
நான் சுழற்றிய பாட்டில் நரம்பிலிருந்து
மத்தி கழன்று, பறந்து,
ஒரு கடற்புறாவுக்குக் காலை உணவாயிற்று.
இருவரும் மணலில் உட்கார்ந்து
சிக்கெடுத்துக்கொண்டிருந்தோம்.
ஒரு நுனி அவர் கையில், ஒரு நுனி என் பல்லில்,
நடுவில் எங்கோ தண்ணீரில் கிடந்தது ஆட்டு மயிர்.

விறைத்தது நூல்.
அவரும் பிடித்தார், நானும் பிடித்தேன்.
விரல் சுட்டது இருவருக்கும்.
பிறகு தளர்ந்தது.
என்ன மீனென்று அவரும் சொல்லவில்லை.
ஒஃபேலியா எலுமிச்சை பிழிந்த சியெர்ராவோடு
கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள்.

திரும்பும் விமானத்தில் சுங்கப் படிவம்.
விலங்கு சார்ந்த பொருட்கள் ஏதேனும் உண்டா?
தொப்பியைக் கழற்றிப் பார்த்தேன்.
பாதி மயிர் போயிருந்தது,
நகப்பூச்சில் இரண்டு கீறல்.
பக்கத்து இருக்கைக்காரர் பேனா கேட்டார்.
கொடுத்துவிட்டு
அந்தக் கட்டத்தைக் காலியாகவே விட்டிருக்கிறேன்.