நாக்குக்கு விடுப்பு

புதன்கிழமை என்றால் முந்நூறு கோப்பை.
கரண்டியில் அள்ளி, காற்றோடு சர்ரென்று இழுத்து,
நாக்கின் விளிம்பில் ஒரு சுற்று,
துப்பு.
அடுத்தது.
குன்னூரில் இருபத்தாறு வருடமாக இதுதான் சோறு போடுகிறது.
ஒரு சொட்டு தொண்டைக்குக் கீழே இறங்கியதில்லை.

அந்த வயிற்றுக்குள்தான்
குழாயை விட்டுப் பார்த்த டாக்டர் போஜன்
“குடியிருக்கு” என்றார்.
கிள்ளி எடுத்த சதையை மஞ்சள் ஜெல்லில் வைத்தார்கள்.
நான் செருப்பை மாட்டி வருவதற்குள்
ரோஸ்.
நிறம் பார்த்தே பிழைக்கிறவள் நான்.
அது நல்ல ரோஸ்.

திருகாணி மாதிரி உருவமாம்.
அமிலத்தைச் சட்டை செய்யாதாம்.
சின்ன வயதிலேயே வந்திருக்குமாம்,
லைன் வீட்டுக் குழாயடியிலிருந்தோ
அம்மா மென்று ஊட்டிய சோற்றிலிருந்தோ.
அம்மா விட்டுப்போனது ஒரு ஜோடி கம்மல் என்றுதான்
இதுவரை கணக்கு.

“பாதிப் பேருக்கு இருக்கு பிலோமினா.
புண் இல்ல. எரிச்சல் மட்டும்தான்.
ஆனா உங்க சித்தப்பா…”
“விட்டுட்டா?”
“நிறைய பேருக்கு ஒண்ணும் ஆகாது. சிலருக்குப் புண்.
ரொம்பச் சிலருக்கு…”
பேனா மூடியைத் திறந்தார், மூடினார்.
நான் எந்தச் சிலரில் என்று கேட்கவில்லை.
ஒரு சிட்டிகையை வைத்து
நாற்பது மூட்டைக்கு விலை சொல்கிறவள் நான்.
நாற்பதில் ஒரு மூட்டை
என்ன ஆகும் என்று யாருக்குத் தெரியும்?

பதினாலு நாள். காலையில் நாலு, ராத்திரி நாலு.
“வாய் கொஞ்சம் கசக்கும். இரும்பைச் சப்பின மாதிரி.”
கொஞ்சம் என்கிறார்.
தையற்காரனிடம் போய்
கை கொஞ்சம் நடுங்கும் என்பது போல.

வெலிங்டன் ரெஜினா இரண்டு தடவை சாப்பிட்டாள்.
முதல் தடவை போகவில்லை.
இரண்டாம் தடவை போய்விட்டதாம்,
ஏப்பம்தான் போகவில்லையாம்.

மருந்துச் சீட்டு மூன்று மாதம்
காலண்டருக்குப் பின்னால் கிடந்தது.
ஜனவரியில் கேத்திப் பக்கம் உறைபனி கொழுந்தைக் கருக்கியது.
லாட் பாதியாகக் குறைந்தது.
“ரெண்டு வாரம் நீ பாருப்பா” என்றேன் ஹாலனிடம்.
அவன் காரணம் கேட்கவில்லை.
சந்தோஷத்தை மறைக்க இன்னும் பழகவில்லை அவனுக்கு.

சித்தப்பாவை நினைத்துத்தான் என்று டாக்டரிடம் சொன்னேன்.
முழுக்க உண்மையில்லை.
எனக்குள் எது இருக்கலாம், எது கூடாது என்று
நாற்பத்தெட்டு வயதில்
முதன்முதலாக ஒருவர் என்னைக் கேட்டிருந்தார்.
வேண்டாம் என்று சொல்லிப் பார்க்க
ஆசையாக இருந்தது.

ஐந்தாம் நாள். இன்னும் விடியவில்லை.
வாயெல்லாம் பழைய காசு.
மட்டமான டஸ்ட்டில் ஒரு டீ போட்டேன்,
பால் ஊற்றி, சர்க்கரை கூடவே போட்டு.
பழக்கத்தில் சர்ரென்று இழுத்து
நாக்கில் நிறுத்தினேன்.
நாக்கு ஒன்றும் சொல்லவில்லை.
கொஞ்ச நேரம் காத்திருந்தேன்.

பிறகு விழுங்கினேன்.
சூடு மட்டும் தெரிந்தது,
நெஞ்சைத் தாண்டி
அவர்கள் இருக்கிற இடம் வரைக்கும்
இறங்கிப் போவது.