இடியின் பெயர்

கிளாரன்ஸ் ஊர்ப்புறத்தில், மஞ்சள் பாறைமலையின் அடியில்
பேருந்து நின்றது.
பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து நாலரை மணி நேரம்.
ரோஷாலனுக்கு இரண்டு முறை வாந்தி.

உள்ளே கண்ணாடிக்குப் பின்னால் ஒரு கால் எலும்பு.
பக்கத்துப் பலகையில் பெயர்.
அம்மாடி, பெயரா அது!
சரக்கு ரயில்.
ஃபான் ரென்ஸ்பர்க் சார் கண்ணாடியைத் துடைத்துவிட்டு
லெடு என்றார். லெடும என்றார்.
"சரி, லெடி என்று வைத்துக்கொள்வோம்."

என்னையும் ஒருநாள் அப்படித்தான் வைத்துக்கொண்டார்.
பதிவேட்டில் தெய்வானை. அவர் வாயில் டெவ்வி.
ஃபான் ரென்ஸ்பர்க்கை மட்டும்
முதல் வகுப்பிலேயே நாங்கள் ஒழுங்காகச் சொன்னோம்.

மமெல்லோ கையைத் தூக்கவில்லை. சொல்லிவிட்டாள்:
"லெ-டு-மா-ஹா-டி மா-ஃபு-பே.
சோத்தோ மொழி, சார். எங்கள் வீட்டுப் பேச்சு."

நீங்களும் சொல்லிப் பாருங்கள்.
டு, பாட்டில் வருவது இல்லை, வண்டில் ரீங்கரிப்பது.
டி, அந்த வண்டு ஏறிய வண்டியில் இருப்பது.
ஹா, சுடச்சுட சமோசாவைக் கடித்தால்
தானாக வரும்.
ஃபு, மெழுகுவத்தியை ஊதி அணைக்க.
கடைசியில் பே.
பேய்க்கு உள்ள பே வேண்டாம்,
அன்பே என்று கூப்பிட்டால் முடியுமே, அது.

வந்ததா? இன்னொரு தரம்.
லெடுமாஹாடி என்றால் பேரிடி.
மாஃபுபே என்றால் விடியல்.
விடியற்காலையில் இடித்த பேரிடி!
எடை பன்னிரண்டு டன்,
இரண்டு ஆண் யானையைக் கட்டித் தூக்கிய மாதிரி.
இருபது கோடி ஆண்டுக்கு முன்
இந்தப் பக்கம் நடந்து, இலை தின்று, செத்துப்போனது.

"உன் பெயருக்கு என்ன அர்த்தம்?" மமெல்லோ கேட்டாள்.
"தெய்வ யானை."
"யானையா? உனக்குள்ளேயா?" என் ஒல்லிக் கையைப் பார்த்தாள்.
சொல்லிப் பார்த்தாள்: "தெய்வா... நாய்."
நான் சிரித்த சிரிப்பில் காவலர் எட்டிப் பார்த்தார்.
நாய் என்றால் என்னவென்று சொன்னேன், அவளும் சிரித்தாள்.
மமெல்லோ என்றால் பொறுமையாம்.
ஏழாவது தடவை
யானை வந்துவிட்டது.

திரும்பும்போது பதிவேடு.
"டெவ்வி?"
நான் வாய் திறக்கவில்லை.
"டெவ்வி?"
ரோஷாலன் முழங்கையால் இடித்தான்.
அந்த எலும்புக்கு வாய் கிடையாது,
அது என் பெயர் இல்லை என்று சொல்ல.
எனக்கு இருக்கிறது.
"தெய்வானை, சார்."

சார் பதிவேட்டை மூக்கருகே கொண்டுபோனார்.
"தெய்" என்றார். பேருந்து கிளம்பியது.
"வா" என்றார், வளைவில்.
மிச்சம் இருந்த "னை"
ஹாரிஸ்மித் தாண்டும்போது வந்தது.