ஏழு நாற்பது பஸ்

பெந்தோங் இஞ்சி என்றால் கட்டைவிரல் நீளம் போதும்.
தோல் சீவமாட்டேன், கழுவினால் சரி.
கல்லில் மூன்று தட்டு.
கீழ்வீட்டுச் சீனர் ஒருநாள் படியேறி வந்து
காலையிலேயே யார் ஆணி அடிப்பது என்று கேட்டார்.
இஞ்சி என்றேன், எடுத்துக் காட்டினேன்.
அதிலிருந்து
மடித்த துணியின் மேல் கல்லை வைத்து இடிக்கிறேன்.

தண்ணீர் ஒரு கிளாஸ், பால் ஒன்றரை.
ஏலம் மூன்று, தோலோடு.
கிராம்பு ஒன்றே ஒன்று.
பாலிக் புலாவ் போனபோது வாங்கிய ஜாதிக்காய்
ரெண்டு வருஷமாய் டப்பாவில் உருண்டுகொண்டிருக்கிறது,
அதில் கத்தி முனையால் ஒரு சுரண்டல்.
பட்டை கிடையாது.
பட்டை போட்டால் பாயசம் என்பாள் யோகேஸ்.

இஞ்சி முதலில் தண்ணீரில் கொதிக்க வேண்டும்.
பச்சையாய்ப் பாலைக் கண்டால் திரித்துவிடும்.
இதைக் கற்க ஆறு பாக்கெட் பால் செலவு.

ஏழு இருபதுக்கு அடுப்பு.
ஏழு நாற்பதுக்குக் கம்பெனி பஸ்
கீழே பெருமூச்சு விட்டு நிற்கும்.
லிஃப்ட் நல்ல மனசோடு இருந்தால்
ஒன்பதாம் மாடிக்கு நாலு நிமிஷம்.
அவள் சப்பாத்தைக் கழற்றும்போது
நான் செருப்பை மாட்டுவேன்.
தம்ளர் கை மாறும்.
பசியாறிட்டியா என்பாள், ம் என்பேன்.
அதற்குள் போனில் ஆள் காத்திருக்கும்,
விமான நிலையத்துக்கோ, ஆஸ்பத்திரிக்கோ.
ஏழு வருஷக் குடித்தனம்
வாசற்படியில் அந்த ஒன்றரை நிமிஷம்.

இன்றைக்கு ஏழு நாற்பதுக்கு பஸ் இல்லை.
ஜன்னலில் பாலம் தெரிந்தது,
கார்கள் ஊர்ந்துகொண்டிருந்தன.
ஏழு ஐம்பதுக்குத் தீயைக் குறைத்தேன்.
ஆடை படிந்தது, எடுத்துப் போட்டேன்.
எட்டுக்கு மறுபடி கொதிக்கவிட்டேன்,
நிறம் செங்கல்லுக்குப் போய்விட்டது.
எட்டே கால். லிஃப்ட் சத்தம்.

கழுத்தில் அட்டை இல்லை.
பத்தொன்பது வருஷம் நீல நாடா உரசிய இடம்
கோடாய் வெளுத்திருந்தது.
கையில் பிளாஸ்டிக் பை:
லாக்கரில் கிடந்த வெள்ளைச் சப்பாத்து,
குளிர் அறைக்குப் போடும் ஸ்வெட்டர்,
காது உடைந்த மங்கு.

"லைன் மொத்தமும் கூப்பிட்டாங்க," என்றாள்.
"பேர் பேரா."
பிறகு, "சீனி போடு."

நாலு வருஷமாய் டாக்டர் தள்ளிவைத்த சீனி.
நான் கேள்வி கேட்கவில்லை.
ஒன்றரைக் கரண்டி போட்டுக் கலக்கினேன்,
எனக்கும் ஒரு தம்ளர் ஊற்றினேன்.

அப்போதுதான் தெரிந்தது
அடுப்படியில் இருப்பது ஒரே முக்காலி.
ரெண்டு பேர் ஒரே நேரத்தில்
இங்கே உட்கார்ந்ததே இல்லை.
அரிசி வாளியைக் கவிழ்க்கப் போனேன்,
அதில் அரிசி இருந்தது.
மூடியின் மேலேயே உட்கார்ந்தேன்.

"இஞ்சி எப்ப போடுவ?"
இத்தனை நாள் குடித்தவள்
இது கொதித்துப் பார்த்ததில்லை.
சொன்னேன். தண்ணீர், இஞ்சி, தூள், கடைசியாகப் பால்.
புது மெஷினை யாரோ விளக்குவதுபோல்
புருவம் சுருக்கிக் கேட்டாள்.
"தூள் எவ்வளவு?"
"அது கைக்குத்தான் தெரியும்."
"அப்படிச் சொன்னா எங்க கியூ.சி.ல பாஸாகாது," என்றாள்.
எங்க என்று சொன்னதைக் கேட்டுத்
தானே கொஞ்ச நேரம் சும்மா இருந்தாள்.

போன் அதிர்ந்தது.
பாயான் லெப்பாஸ், பதினாலு ரிங்கிட்.
குப்புறக் கவிழ்த்து வைத்தேன்.
மேஜை மேல் நடுங்கி நடுங்கி அடங்கியது.
வேறு யாராவது போயிருப்பார்கள்.

தேநீர் நன்றாக இல்லை.
மூன்று தரம் கொதித்த கசப்பு,
அதற்கு மேல் சீனி.
ரெண்டு பேரும் சொல்லவில்லை, குடித்து முடித்தோம்.

வடிகட்டியைத் தட்டப் போனேன்.
இரு என்று வாங்கி,
ஏலத்தோலையும் இஞ்சி நாரையும் விரலால் ஒதுக்கி,
அந்த ஒற்றைக் கிராம்பை எடுத்துக்
கடைவாயில் வைத்துக் கடித்தாள்.
"இன்னும் காரம் இருக்கு."

கீழே வேறு ஏதோ கம்பெனி பஸ்
பெருமூச்சு விட்டு நின்றது.
அவள் கை கழுத்துக்குப் போய்
ஒன்றையும் பிடிக்காமல் திரும்பியது.